ஐப்பசியில் நனைத்த சாக்கு

நிர்மலாவின் இடது முன்கைக்கு அந்த வீட்டில் தனி மரியாதை இருந்தது. பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் வளையலை மேலே தள்ளிவிட்டு, அடுக்குத் தட்டுகளுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு, சூடு கூடியிருந்தால் "சன்னல் சாக்க நனைங்க" என்பாள், குளிர்ந்திருந்தால் "சன்னலச் சாத்துங்க" என்பாள். அவள் புருஷன் வீரமணி மறுபேச்சுப் பேச மாட்டான். ஆணியில் ஒரு வெப்பமானியும் தொங்கத்தான் செய்தது. அதை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. "மிசின் பொய் சொன்னாலும் சொல்லும், எங்க வூட்டுக்காரி கை சொல்லாது" என்று இண்டூர் டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேசுவான்.

இண்டூருக்கு மேற்கே அவர்கள் காடு. மல்பெரித் தோட்டம், அதன் ஓரத்தில் சிமெண்ட் ஓடு போட்ட புழு வூடு, அதற்கு இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை, அப்புறம் வீடு. பட்டுப்புழு என்பது புது மாப்பிள்ளை மாதிரி, எதற்கும் முகம் சுளிக்கும். பீடிப் புகை ஆகாது, கொசுவத்தி ஆகாது, ஈரத் தழை ஆகாது, பக்கத்துக் காட்டில் மருந்தடித்தால் ஆகவே ஆகாது. இதெல்லாம் உண்மை. இந்த உண்மைகளோடு கைகோத்துக்கொண்டு இன்னொன்றும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது: தூரமான பெண் உள்ளே கால் வைத்தால் புழு நோயில் விழும். வீட்டுக்குள் இருந்த மற்ற தீட்டெல்லாம் மகள் காவியா காலேஜுக்குப் போக ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. சாமி அறையில்கூட விட்டுக்கொடுத்தார்கள். புழு வூட்டில் மட்டும் சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதனால் மாதம் மூன்று நாள் சின்னக்கா வருவாள். வத்தல்மலையிலிருந்து பிழைப்புக்காகக் கீழே இறங்கி வந்து ஊர்க்கோடியில் குடியிருப்பவள். அவள் தழை போட, நிர்மலா மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பாள். மனுஷியைத் தள்ளி வைப்பது என்று காவியா கோபப்படுவாள். நிர்மலாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. வருஷம் முழுக்க மல்பெரி வெட்டி, சுமந்து, போட்டு, கழிவு வாரிக் கொட்டுகிற உடம்பு அவளுக்கே கிடைப்பது அந்த மூன்று நாள்தான்.

நாற்பத்தாறு வயதில் அந்தக் கணக்கு குழம்பியது. ஒரு மாதம் இரண்டு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. வந்தபோது வாளி கவிழ்ந்த மாதிரி வந்தது. பிறகு நாலைந்து மாதம் சத்தமே இல்லை. அவள் வாய் திறக்கும் முன்னால் வீரமணி முடிவுக்கு வந்துவிட்டான்.

"ஏ நிர்மலா, சின்னக்காவ இனிமே வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏங்க?"

"உனக்குத்தான் நின்னுபோச்சே. அப்பறம் அவ எதுக்கு? புழுவும் இந்த வாட்டி சேத்தே சொல்லிட்டேன். மேல இன்னொரு தட்டு கட்டிட்டா எடம் பத்தும்."

"நின்னுபோச்சுன்னு நான் சொன்னனா?"

"இத வேற சொல்லணுமா? கூப்புடவே இல்லியே அவள. எனக்குத் தெரியாதா?"

அவளுக்கே தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது. வீரமணி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு அம்மா வீட்டுக்காவது போயிருக்கலாம். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், அவளுக்குச் சமமாகத் தழை சுமப்பான். அவளுடைய உடம்பும் தோட்டத்து மோட்டார் மாதிரி வீட்டுச் சாமான்களில் ஒன்று என்று நினைத்தான், அவ்வளவுதான்.

அந்தச் சாமானோ இப்போது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்தைப் பிடித்து, காதுமடல்வரை ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். அடுத்த நிமிஷம் குளிரும். தூக்கம் தூரதேசம் போய்விட்டது. கோபம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. ஒருநாள் ராகிக் களி கிண்டி வைத்தாள். "கட்டி தட்டியிருக்கே" என்றான் வீரமணி, சாதாரணமாகத்தான். சட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவரைக்காய்க் குழம்பை என்ன செய்வதென்று தெரியாமல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான் அவன்.

காவியா தர்மபுரியில் நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் நிர்மலா அரைகுறையாகச் சொன்னாள்.

"நின்னுருச்சுன்னு அப்பா சொல்லிட்டா நின்னுருமாம்மா? முழுசா ஒரு வருசம் வராம இருந்தாத்தான் நின்னுச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் எப்ப வேணா வரும். இந்த வேர்வ, கோவம், தூக்கம் இல்லாதது, எல்லாம் அதனாலதான்."

"எல்லாருக்குமா இப்படி?"

"நிறைய பேருக்கு. ஆனா வாளி கவுந்தாப்பல போவுதுங்கறியே, அத டாக்டர்ட்ட காட்டியே ஆகணும். நாளைக்கே வா எங்கூட."

"நாளைக்கா? புழு நாலாம் தூக்கத்துல கெடக்குது. எந்திரிச்சா மலையாட்டம் தழை கேக்கும். கூடு வித்ததும் வரேன் கண்ணு."

"கூடு வித்ததும் அடுத்த புழு வந்துரும்."

"இந்த வாட்டி நடுவுல ஒருநாள் கேட்டு வாங்கிக்கறேன். சத்தியமா."

தோல் உரிக்கும் நாலாம் தூக்கம் முடிந்து புழு எழுந்தது. பட்டுப்புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கை இந்தக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். ஒரு வேளை தவறினாலும் கூடு மெலிந்துவிடும். ஐப்பசி மழை வேறு நசநசவென்று பிடித்துக்கொண்டது. நனைந்த தழையைப் போட முடியாது. வெட்டிக்கொண்டுவந்து, உதறி, கொடியில் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு போட வேண்டும். புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை நைட்டிமேல் மாட்டிக்கொண்டு, கருக்கரிவாளோடு வரிசைக்குள் குனிந்திருந்தபோதுதான் அது வந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. நிமிர்வதற்குள் தொடை நனைந்துவிட்டது. மழையா என்று ஒரு கணம் ஏமாந்தாள்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீரமணி அவளை உள்ளே விட மாட்டான். ஒற்றை ஆளாக இத்தனை புழுவுக்குத் தழை போடவும் அவனால் ஆகாது. பட்டினியில் பாதி சாகும். சாகிற ஒவ்வொரு புழுவுக்கும், விடிகாலையில் அவள் உள்ளே போய் வந்ததுதான் காரணம் என்று ஆகும். சொல்லாவிட்டால்? புழுவுக்கு நிஜமாகவே ஏதாவது வந்துவிட்டால்? புழு வூடு காவியாவின் படிப்பு, வீட்டின் சோறு, எல்லாம்.

தலைவலி மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மத்தியானம் சின்னக்கா வீட்டுக்கு நடந்தாள். சின்னக்கா வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. என்னா, மொகம் வெளுத்துக் கெடக்குது?"

"சின்னக்கா, நாளையிலேந்து மூணு நாளு வர முடியுமா?"

சின்னக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள். "வந்துருச்சா? ஒன் வூட்டுக்காரரு நின்னுபோச்சுன்னாரே!"

"அவரு சொன்னாரு. அது கேக்கல."

"அய்யோ, எனக்கு எங்க கண்ணு நேரம்? தொப்பூர்ல ரோட்டோர ஓட்டல்ல ஏனம் கழுவப் போறேன். வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போவுது. இன்னிக்கு வேன் ரிப்பேரு, அதான் இருக்கறேன். ஒருநாள் நிக்கலாம். மூணு நாள் நின்னா வேற ஆளப் போட்டுருவாங்க. நீங்க வேணாம்னதால போன வேல அது."

"நான் வேணாங்கல சின்னக்கா."

"தெரியும். நீ என்னா பண்ணுவ." பிறகு தெருவை இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், ஒன்னோட வெச்சுக்க. பேசாம உள்ள போ. கால நல்லா கழுவிக்கிட்டுப் போ."

"புழுவுக்கு எதனா ஆச்சுன்னா?"

"ஆவாது."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒன் வூட்டுக்கு எத்தினி வருசம் வந்தேன். அத்தினி வருசமும் எனக்கு மட்டும் வராமயா இருந்துச்சு? ஒனக்கும் எனக்கும் பாதி மாசம் ஒண்ணாத்தான் வரும். இத சொன்னா அந்தக் கூலியும் போயிரும். நான் பாட்டுக்கு உள்ள போயி தழை போட்டுட்டு வந்துருவேன். கூடு நல்லா கட்டுச்சா இல்லியா? ஒரு தீவாளிக்கு, 'சின்னக்கா கை ராசி'ன்னு ஒன் வூட்டுக்காரரு சேல எடுத்துக் குடுக்கல?"

நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். சின்னக்காவும் சேர்ந்துகொண்டாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் பயம் வந்தது. இந்த உண்மையை எடுத்துக்கொண்டு எங்கே போவது? வீரமணியிடம் சொன்னால் சின்னக்காவை இந்தப் பக்கத்தில் யாரும் புழு வூட்டு வாசலில்கூட நிற்க விட மாட்டார்கள். இன்னொன்றும் இருந்தது. புழுவுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டால், அந்தக் கயிற்றுக் கட்டில் எதற்கு?

அவள் நினைத்ததையே சின்னக்காவும் நினைத்தாள் போல. "யார்ட்டயும் சொல்லிராத கண்ணு. அந்த மூணு நாளு ஒனக்கும் வேணும், எனக்கும் வேணும்" என்றாள்.

நிர்மலா உள்ளே போனாள். வாசலில் இருந்த பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்தாள், சாமியைக் கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிக் கும்பிடு போட்டாள், நுழைந்தாள். இரண்டு துணிக்குமேல் கறுப்புப் பாவாடை கட்டியிருந்தாள். மேல்தட்டுக்குத் தழை போடப் பலகைமேல் ஏறி, தழைக்கட்டைத் தூக்கியபோது அடிவயிறு பிழிந்தது. கணுக்கால் வழியாக ஏதோ ஊர்ந்தது. கீழே பார்த்தாள். தரையில் சுண்ணாம்புத் தூள் வெள்ளை வெளேரென்று தூவிக் கிடந்தது. அதன்மேல் ஒரே ஒரு சொட்டு.

புழுக்கள் தழை தின்னும் சத்தம் தூறல் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அடுக்குக்கு அந்தப் பக்கம் வீரமணி.

"கீழ குனிஞ்சு என்னா தேடற?"

"கம்மல் திருகாணி விழுந்துருச்சு."

"வரட்டா?"

"வேணாம் வேணாம், கெடச்சிருச்சு."

சுண்ணாம்போடு சேர்த்து வழித்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சொந்த ரத்தத்தைத் திருடி மறைக்கிற மாதிரி ஒரு வாழ்க்கை! அவளுக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. வாய் திறக்காமல் தின்றுகொண்டே இருந்த புழுக்கள்மேல் கோபம் வந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே ஓடின. தலை கிறுகிறுக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டாள். ஆட்டுத் தீனிக்குப் புழுக்கழிவு ஏற்றுவது பற்றி ஆடு மேய்க்கும் கிருஷ்ணப்பனிடம் பேச வீரமணி போயிருந்த ஒரு சாயங்காலம், அவள் வழக்கம்போலக் கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளே நெருப்பாகக் கொதித்தது. கை கொதித்தது, கன்னம் கொதித்தது, மூச்சு முட்டியது. புழு வெந்துவிடும் என்று பதறிப்போனாள். கோடைக்குப் பிறகு சுருட்டி வைத்திருந்த சாக்குகளையெல்லாம் அவிழ்த்துச் சன்னலில் தொங்கவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். சன்னல்களையும் திறந்துவிட்டாள். குளிர்ந்த காற்று வந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

வீரமணி வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"ஐப்பசி மழையில சாக்கு நனைச்சிருக்கற?"

"சூடா இருந்துச்சுங்க."

"எங்க சூடு? நான் துண்டப் போத்திக்கிட்டு வரேன்!" அப்போதுதான் பல வருஷத்தில் முதன்முறையாக வெப்பமானியைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். சாக்குகளைக் கழற்றினான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வேர்த்து நனைந்த கையை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சன்னலோரத் தட்டில் புழுக்கள் விறைத்துக் கிடந்தன. சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளையாக, குச்சியாக. வீரமணி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான். முகம் செத்திருந்தது.

"யாரு உள்ள வந்தது?"

"யாரும் வரல."

"பால்காரம்மா மலர்விழி?"

"அவ வாசலோட சரி."

"காவியா அன்னிக்கு வந்தாளே. உள்ள போனாளா? அவளுக்கு அப்ப இருந்துச்சா? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அதெல்லாம் எங்க..." போனை எடுத்துவிட்டான்.

நிர்மலாவுக்குக் காவியாவைத் தெரியும். மகள் வாய் சும்மா இருக்காது. அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுவாள். இல்லை, அதைவிட மோசமாக, இனி இந்த வாசலையே மிதிக்காமல் போய்விடுவாள். இரண்டு உண்மை கையில் இருந்தது. சின்னதை எடுத்து நீட்டினாள்.

"போன வைங்க. நான்தான். சாக்க நனைச்சதுல குளுந்துபோச்சு. சுண்ணக்கட்டு நோயி குளிருக்கும் ஈரத்துக்கும் வர்றதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீயா? ஒன் கை தப்பே சொன்னதில்லியே!"

"இப்ப சொல்லுது. என் சூடு எது, வூட்டுச் சூடு எதுன்னு தெரியலீங்க. திடீர்னு ஒடம்பு எரியுது. நான் என்னா பண்ணட்டும்?" அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க."

வீரமணி அந்த விறைத்த புழுவைப் பார்த்தான். "போலாம். கூடு வித்ததும் போலாம்" என்றான். அவள் அழுகையைப் பார்க்க அவனுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அன்று சாயங்காலக் கழிவை அவனே வாரிப் போட்டான்.

சன்னலோரத் தட்டைக் காலி செய்து கொளுத்தினார்கள். சுண்ணாம்பு தூவினார்கள், கரி அடுப்பு வைத்தார்கள். நோய் அதோடு நின்றது. மற்ற புழுக்கள் பழுத்து, கண்ணாடி மாதிரி மினுங்கி, தலையைத் தூக்கி அலைந்தன. பொறுக்கி வலைச் சட்டத்தில் விட்டார்கள். வெள்ளைக் கூடுகளை நெருக்கமாகக் கட்டின. அவள் ரத்தத்தோடு நடந்து தழை போட்ட அதே தட்டுப் புழுக்கள்தான். தர்மபுரி அங்காடியில் நல்ல விலைக்குப் போனதென்று வீரமணி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தான்.

"பாத்தியா, அந்த ஓரத் தட்டு போயும் என்னா கூடு! வேத்தாளு கால் படாம நாமளே பாத்தாத்தான் இது. அதான் அங்கியே அடுத்த புழுவுக்கும் சொல்லிட்டு வந்துட்டேன். வர்ற வியாழக்கெழம வருது."

நிர்மலா இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரி?"

"போலாம், எங்க ஓடிப்போவுது? தட்டு கழுவணும், மருந்தடிக்கணும். புழு வந்து மொத தூக்கத்துல கெடக்கறப்ப ஒரு நட போயிட்டு வந்துரலாம். இப்பத்தான் ஒனக்கு நின்னுபோச்சே, வெளிய உக்கார்ற தொந்தரவும் இல்ல."

மைசூர்பாகு வாயில் மண்ணாகக் கரைந்தது. இரண்டாம் தூக்கம் என்பான். நாலாம் தூக்கம் என்பான். கூடு என்பான். அப்புறம் இன்னொரு வியாழக்கிழமை வரும். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் களிச்சட்டிக் கதைதான், கிண்ணத்தோடு நிற்பான்.

வியாழக்கிழமை வேன் வந்தது. நூலளவு குட்டிப்புழுக்கள் தாள் விரித்த தட்டுகளில் இறங்கின. வீரமணி இளம் தழையை நறுக்கி வைத்துவிட்டு, "வா, வா, மொத தழை நீதான் போடணும்" என்று கதவைத் திறந்து பிடித்தான்.

நிர்மலா பிளீச்சிங் தண்ணீர்வரை வந்து நின்றாள். காலை நனைக்கவில்லை.

"நான் உள்ள வரக்கூடாதுங்க. தூரமாயிட்டேன்."

சுத்தப் பொய். அவள் உடம்பு அன்று துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. இருந்தபோது இல்லை என்று உள்ளே போனவள், இல்லாதபோது இருக்கிறது என்று வெளியே நின்றாள்.

"நின்னுபோச்சுன்னியே!"

"நான் எப்ப சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க."

வீரமணி கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். வாதம் பண்ண வழியில்லை. அவளைத் தொடக்கூட முடியாது. "இப்ப நான் யாருக்குப் போவேன்?"

"சின்னக்காவக் கேளுங்க. மூணு நாளுக்கு வர மாட்டாங்க. மாசம் பூரா வேலைன்னா ஓட்டல விட்டுட்டு வருவாங்க. கை ராசிக்காரிதான."

அவன் போனைத் தடவிக்கொண்டே உள்ளே போனான். நிர்மலா வேப்பமரத்தடிக்கு வந்து கட்டிலில் சாய்ந்தாள். கயிறு தொய்ந்து அவள் எடையை வாங்கிக்கொண்டது. காவியாவுக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல நில்லு, வரேன்."

"அப்பா விட்டுட்டாரா?"

"தூரமானவள இங்க யாரு தேடுவா? ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லியே."

புழு வூட்டுக்குள்ளிருந்து வீரமணியின் குரல் வந்தது. "ஏ நிர்மலா! உள்ள சூடா இருக்குதா குளுருதான்னே தெரியல. அங்கேந்தே சொல்லேன்!"

"மிசினப் பாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சிலிருந்து அந்தச் சூடு கிளம்பியது. கழுத்துக்கு வந்தது, காதுக்கு ஏறியது. விசிறிக்கொள்ளாமல் படுத்திருந்தாள். எத்தனை தடவை இந்தப் பொய்யைச் சொல்ல முடியும்? ஒரு வருஷம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம் என்றாளே காவியா. நிஜமாகவே நின்றுபோனால், எதைச் சொல்லி இந்தக் கட்டிலுக்கு வருவது? இத்தனை நாள் வந்துவிடுமோ என்று பயந்தவளுக்கு இப்போது வராமல் போய்விடுமோ என்று பயம் வந்தது.

அடிவயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளைக்கு நின்னுராத" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டாள்.